சுனாமியில் போகாத சர்டிபிகேட்

மூன்று வருடங்களுக்கு முன், ஜூன் மாத மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்குப் பக்கத்துச் சந்தில், ஓர் ஆபீஸின் மாடி வராந்தாவில் கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையின் முதல் இண்டர்வியூ. வயது முப்பத்தைந்து. டோக்கனில் பதினொன்று என்று எழுதியிருந்தது. அதை அதுவரை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஏதோ நான் பார்க்காத நேரத்தில் நம்பர் மாறிவிடும் என்பது போல.

நான் எப்போதுமே இப்படித்தான். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தால், பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ரகம். பையன் ஸ்கூலிலிருந்து வர பத்து நிமிடம் தாமதமானால் மனதுக்குள் என்னென்னவோ நடந்து முடிந்துவிடும். அப்படிப்பட்டவளை இண்டர்வியூவுக்கு அனுப்பினால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

லிட்டில் அந்தமானில் ஹட் பே எங்கள் ஊர். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அங்கே பாமாயில் தோட்ட வேலைக்கு வந்தவர். நான் எட்டாவது முடித்த வருடம் அம்மாவும் தோட்டத்துக்குப் போக வேண்டி வந்தது. தங்கைக்கு அப்போது நான்கு வயது. அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும், அடுத்த வருடம் சேர்த்துவிடலாம் என்றார்கள். அந்த அடுத்த வருடம் வரவே இல்லை. அதில் யார் மேலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் யாராவது "எத்தனாவது படிச்சிருக்கீங்க?" என்று கேட்டால் மட்டும் காதெல்லாம் சூடாகிவிடும்.

என் வீட்டுக்காரர் ஹட் பே ஜெட்டியில் மூட்டை இறக்குகிறவர். அந்த வருடம் மார்ச்சில் சிமென்ட் மூட்டையோடு வழுக்கி விழுந்ததில் முதுகுத்தண்டில் வட்டு விலகிவிட்டது. போர்ட் பிளேர் டாக்டர், வாரம் இரண்டு முறை வந்து சிகிச்சை எடுத்தால் எழுந்து நடமாடலாம், விட்டால் கால் மரத்துப்போகும் என்று சொல்லிவிட்டார். அந்த முதுகை வைத்துக்கொண்டு ஆடுகிற கப்பலில் வாரா வாரம் எப்படி வருவது? குடும்பத்தோடு போர்ட் பிளேருக்கே வந்துவிட்டால்தான் உண்டு. அதற்கு எனக்கு ஒரு நிரந்தர வேலை வேண்டும். விஷயம் அவ்வளவுதான். அந்த வேலை கிடைத்தால் அவர் நடப்பார் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது.

தங்கை கல்யாணமாகி போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர்தான் ஒருநாள் போன் செய்தார். தனியார் பயணிகள் படகு கம்பெனி ஒன்றில் ஆறு பெண்கள் எடுக்கிறார்கள். ஜெட்டியில் பயணிகள் பட்டியலைச் சரிபார்த்து வரிசையாக ஏற்றிவிட வேண்டும், பெட்டிகளுக்கு டேக் கட்ட வேண்டும். இந்தி பேசத் தெரிய வேண்டும்.

"மதினி, இது உங்களுக்குன்னே போட்ட வேல. கண்ண மூடிட்டு வாங்க" என்றார்.

உண்மைதான். கப்பல் வருகிற நாட்களில் ஹட் பே ஜெட்டியில் ஒரு மேஜை போட்டு டீ, வடை விற்றுக்கொண்டிருந்தேன். யாருடைய பெட்டி எது, யார் முகத்தைப் பார்த்தால் வாந்தி வரப்போகிறது, எந்தக் கிழவிக்கு முதலில் வழி விட வேண்டும் எல்லாம் எனக்குத் தெரியும். பெங்காலிக்காரர், தெலுங்குக்காரர், ராஞ்சிக்காரர் எல்லோரிடமும் எங்கள் தீவு இந்தியில் பேசிச் சமாளிப்பேன். ஒரே ஒரு வரிதான் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. தங்கை வீட்டுக்காரர் போனில் படித்த விளம்பரத்தின் கடைசி வரி. பத்தாவது பாஸ்.

அப்பாவையும் பையனையும் வீட்டுக்காரருக்குத் துணையாக விட்டுவிட்டுக் கிளம்பினேன். முதல் நாள் கடல் சரியில்லை என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். அன்று முழுவதும் நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்ததைப் பார்த்து அப்பா, "நீ நடக்குற நடைக்கு இந்நேரம் போர்ட் பிளேரே போயிருக்கலாம்" என்றார். மறுநாள் கப்பல் விட்டார்கள். வழி முழுக்க வாந்தி. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் முகம் தெரியவில்லை.

கராச்சர்மாவில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. தங்கை வீட்டுக்காரர் ஒரு லாரி ஆபீஸில் வேலை பார்க்கிறார். நாலைந்து இண்டர்வியூ பார்த்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர்தான் நிபுணர். பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நெக்ஸ்ட்!" என்பார். நான் சமையலறையிலிருந்து வர வேண்டும். கதவில்லாத வாசலில் கதவு தட்டுவது போல் சுவரைத் தட்ட வேண்டும். குட் மார்னிங் சொல்ல வேண்டும்.

"சிரிங்க மதினி."

சிரித்தேன்.

"இது சிரிப்பு இல்ல, பல்லு வலி. இன்னொரு தடவ வாங்க."

தங்கை யூடியூபில் பார்த்து, ஆங்கிலத்தில் என்னைப் பற்றி நான்கு வரி எழுதி வைத்திருந்தாள். தமிழ் எழுத்தில் எழுதி அதை மனப்பாடம் செய்தேன். குளிக்கும்போதும் அதுதான், வெங்காயம் வெட்டும்போதும் அதுதான். சேலையா சுடிதாரா என்று ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் தங்கையின் நீலச் சுடிதார். கை இறுக்கமாக இருந்தது. "கைய ஒசரத் தூக்காத, கிழிஞ்சிரும். குட் மார்னிங் சொல்றப்ப கும்பிடவும் செய்யாத" என்றாள்.

எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"குவாலிஃபிகேஷன்?"

தங்கை தரையைப் பார்த்தாள்.

"எட்டாவதுன்னு சொன்னீங்கன்னா வாசல்லயே திருப்பி விட்ருவாங்க மதினி. பத்து பாஸ்னு சொல்லுங்க."

"சர்டிபிகேட் கேப்பாங்களே மாப்ள?"

"சுனாமில போச்சுன்னு சொல்லுங்க. ஹட் பேக்காரங்ககிட்ட அத யாரு திருப்பிக் கேப்பா?"

வெளியூரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் விளங்காமல் இருக்கலாம். எங்கள் தீவுகளில் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் எதிரில் இருப்பவர் குரலைத் தாழ்த்திவிடுவார். இரண்டாயிரத்து நான்கு டிசம்பரின் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீடு, ஆள் எல்லாம் போன எத்தனையோ குடும்பங்களுக்கு, ரேஷன் கார்டிலிருந்து ஸ்கூல் சர்டிபிகேட் வரை ஒரு துண்டுக் காகிதம் மிஞ்சவில்லை. அதனால் ஆபீஸ்களில் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதைக்குள் எதையும் இழக்காதவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்துகொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு ஒன்றும் போகவில்லை. எங்கள் வீடு கடற்கரையில் இல்லை, உள்ளே தோட்டப் பக்கம். எங்கள் வாசல் வரை கூடத் தண்ணீர் வரவில்லை. பயத்தில் மேட்டுக்கு ஓடிப்போய்ப் பத்து நாள் கூடாரத்தில் இருந்தோம். திரும்பி வந்தபோது அடுப்பில் வைத்த பானை கூட வைத்த இடத்தில் இருந்தது.

"ஏங்க, இதுல போயா பொய் சொல்றது?" என்றாள் தங்கை.

"யாரு குடியக் கெடுக்குறோம்? ஒரு காயிதத்துக்குச் சொல்ற பொய்யி. அண்ணன் படுத்துக் கெடக்குறாரு, அதப் பாரு மொதல்ல."

என் வீட்டுக்காரர் பெயரை எடுத்ததும் தங்கை சாப்பாடு எடுத்து வைக்கப் போய்விட்டாள். சாப்பிட்டுவிட்டு நான் அந்த வாக்கியத்தையும் இந்தியில் மனப்பாடம் செய்தேன். மற்ற நான்கு வரிகளைவிட இது சீக்கிரம் வந்துவிட்டது.

மறுநாள் பத்து மணி இண்டர்வியூவுக்கு எட்டு மணிக்கே போய்விட்டேன். ஆபீஸ் பூட்டியிருந்தது. மழையில் ஒதுங்கி நின்று, பூட்டைப் பார்த்துக்கொண்டே வரிகளைச் சொல்லிப் பார்த்தேன். ஒன்பதரைக்கு மேல் கூட்டம் சேர்ந்தது. முப்பது பேர் இருக்கும். பெரும்பாலும் சின்னப் பெண்கள். ஷூ போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு ஃபைலோடு வந்திருந்தார்கள். கதவு திறந்ததும் அவர்கள் முந்திக்கொண்டதில், எட்டு மணிக்கே வந்த எனக்குப் பதினொன்றாம் டோக்கன்தான் கிடைத்தது. நான் கொண்டுபோனது ஒரு துணிக்கடைக் கவர். அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் டோக்கன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, நனைந்த குடை, ரப்பர் பேண்டு போட்ட ஒரு தடித்த ஃபைல். உட்கார்ந்ததும் என் தோளைப் பார்த்துவிட்டு, "அக்கா, துப்பட்டா ஊக்கு திறந்து கெடக்கு. குத்திரும்" என்று அவளே சரியாகக் குத்திவிட்டாள். தமிழைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

"நீங்க எந்தப் பக்கம்?" என்றேன்.

"கச்சல். ரப்பர் தோட்டம். எங்க தாத்தா காலத்துல சிலோன்லருந்து வந்தவங்க."

நிக்கோபார் தீவுகளில் ஒன்று கச்சல். சுனாமியில் அங்கே செத்துப்போனவர்கள் ஏராளம். அவளாகத்தான் சொன்னாள். சும்மா, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொன்னாள். அன்றைக்குக் காலையில் அவளும் அம்மாவும் மேட்டுக் காட்டில் ரப்பர் பால் வெட்டப் போயிருந்தார்கள். அப்பாவும் அண்ணனும் கடலோரமாக இருந்த லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது லயம் இருந்த இடமே தெரியவில்லை.

"அந்த வருசந்தான் பத்து பாஸ் பண்ணேன், அக்கா. அறுபத்தெட்டுப் பெர்சன்ட். மார்க் ஷீட்ட ஐயாதான் பொட்டில வச்சாரு." அப்பாவைத்தான் அவள் ஐயா என்றாள்.

"வேற காப்பி வாங்கலாமே?"

அவள் ஃபைலைத் தட்டினாள். "இது பூரா அதுக்கு எழுதுன காயிதந்தான். ரோல் நம்பர் கேக்கறாங்க. அத யாரு ஞாபகம் வச்சிருக்கா? ஸ்கூல்ல கேக்கலாம்னா அந்த ஸ்கூலும் இல்ல, ரெஜிஸ்டரும் இல்ல." பிறகு லேசாகச் சிரித்தாள். "இப்பல்லாம் சுனாமின்னு சொல்லவே கூச்சமா இருக்கு. போன தடவ ஒரு எடத்துல அந்தாளு சொல்றான், வர்றவங்களுக்கெல்லாம் சுனாமிதாம்மா, வேற எதாவது சொல்லுன்னு."

இதையெல்லாம் நான் கேட்டேன். காது கேட்டது. கேட்ட பிறகாவது என் வாய் மாறியிருக்க வேண்டும் இல்லையா? ஆனால் மண்டைக்குள் அந்த வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பதில் சொல்லத் திரும்பினால் மறந்துவிடுமோ என்று பயந்து, "ம்ம், ம்ம்" என்று மட்டும் சொன்னேன். அப்போதே என் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இரண்டு பேர். மேனேஜர் இந்திக்காரர். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மலையாள மேடம். நான் சுவரைத் தட்டாமல் கதவைத் தட்டினேன், அதுவரைக்கும் சரி. குட் மார்னிங் சொன்னேன். நான்கு வரி ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தி, இந்தியிலேயே பேசச் சொன்னார். ஜெட்டியில் டீ விற்கிறதைச் சொன்னேன். கூட்டம் தள்ளினால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். கப்பல் வருகிற நாட்களில் நான் செய்கிறதைச் சொன்னேன். மேடம் சிரித்தார். மேனேஜர் தலையாட்டினார். இவர்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது.

"பத்தாவது சர்டிபிகேட்?"

"சுனாமி மே சலா கயா, சார்."

சுனாமியில் போய்விட்டது என்று எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது. மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். மேடம் என் பக்கம் சாய்ந்து, தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"அய்யோ. வீட்ல யாருக்காவது?"

இந்தக் கேள்வியைக் கராச்சர்மாவில் யாரும் கேட்கவில்லை. இல்லை என்று சொன்னால் சந்தேகப்படுவார்களோ, சர்டிபிகேட் மட்டும் தனியாக எப்படிப் போனது என்று கேட்பார்களோ என்று பயந்தேன். அடுத்து என் வாய் சொன்னதை இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"அப்பா" என்றேன்.

மேடம் தன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். மேனேஜர் வேறு எதுவும் கேட்கவில்லை. கோர்ட் பேப்பரில் ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம், வெளியே ஒரு ஃபார்ம் தருவார்கள், அதை நிரப்புங்கள் என்றார். வேலை கிடைத்தது மாதிரிதான். வெளியே வந்தேன். எனக்குள் இருந்தது சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு உள்ளே போனாள். நான் கதவுக்குப் பக்கத்து மேஜையில் ஃபார்மை வைத்து எழுத ஆரம்பித்தேன். நடுவில் இருந்தது வெறும் பிளைவுட் தடுப்பு. பேசுவது கேட்டது. அவள் இந்தி என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. ஆங்கிலத்தில் கூட ஏதோ பதில் சொன்னாள். பிறகு சர்டிபிகேட் கேட்டார்கள். அவள் சொன்னாள். அப்பாவும் அண்ணனும் என்று சொன்னாள்.

பிறகு மேனேஜர் குரல்.

"யே பீ சுனாமி? பாஹர் மில்கே ஆயே ஹோ க்யா?"

இதுவும் சுனாமியா, வெளியில் உட்கார்ந்து சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு வந்தீர்களா என்று கேட்கிறார். இப்போதுதான் ஒருத்தி இதே கதையைச் சொல்லிவிட்டுப் போனாள், அவளுக்கும் அப்பா, உனக்கும் அப்பா, ஒரு பாவப்பட்ட பெண் அழுததைப் பார்த்து நீயும் அதையே சொல்கிறாயே என்றார். அவள் ஃபைலைத் திறந்திருக்க வேண்டும், காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இந்த மாதிரிக் காகிதம் எல்லோரிடமும் இருக்கிறது, போகலாம்" என்றார் அவர்.

நான் அழக்கூட இல்லை. ஆனால் உள்ளே அவர்கள் பேச்சில் நான் அழுததாகவே ஆகிவிட்டது. என் பொய் நிஜமாகிவிட்டது. அவள் நிஜம் என்னைப் பார்த்து அடித்த காப்பியாகிவிட்டது. கையில் பேனா இருந்தது. ஃபார்மில் 'தந்தை பெயர்' என்ற இடத்தில் அப்பா பெயரைப் பாதி எழுதியிருந்தேன்.

அவள் வெளியே வந்தாள். என்னைத் திட்டுவாள், நீ என்னிடம் கேட்டுக்கொண்டு போய்த்தானே சொன்னாய் என்று கேட்பாள் என்று குனிந்துகொண்டேன். அவள் நேராக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க சொல்லவே இல்லியே" என்றாள். "ஒங்களுக்கும் ஐயா போயிட்டாரா? நான் பாட்டுக்கு என் கதையவே பேசிக்கிட்டு இருந்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கப் போனாள்.

அவள் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நிச்சயமாக. தலையைக் குனிந்துகொண்டு, என் வீட்டுக்காரர் முதுகை நினைத்துக்கொண்டு, ஃபார்மை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். ஆனால் அவள் என் அப்பாவுக்காக வருத்தப்பட்டுவிட்டாள்.

"கொஞ்சம் நில்லுங்க. போயிராதீங்க" என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமலே எழுந்தேன். பதிமூன்றாம் டோக்கன் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி, கதவைத் தட்டாமல் நுழைந்தேன்.

மேனேஜர், "ஃபார்ம் வெளியே கொடுங்கள்" என்றார்.

"சார், அந்தப் பொண்ணு காப்பி அடிக்கல. நான்தான் பொய் சொன்னேன்." தமிழில் ஆரம்பித்துவிட்டேன், பிறகு இந்திக்குத் தாவினேன். எதுவும் வரிசையாக வரவில்லை. நான் எட்டாவதுதான் என்றேன். எங்கள் வீட்டில் தண்ணீரே வரவில்லை என்றேன். அவள் கச்சல்காரி, அவள் சொன்னது அத்தனையும் நிஜம், அந்த ஃபைலைப் பாருங்கள் என்றேன். பேசும்போது கையை வீசியதில் சுடிதாரின் அக்குள் டர்ரென்று கிழிந்தது. பதிமூன்றாம் டோக்கன்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேடம் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ ஒங்க அப்பா?"

"இருக்காரு மேடம். ஊர்ல இருக்காரு."

மேனேஜர் என் பெயர் இருந்த வரியைத் தேடிப் பிடித்து, ஸ்கேல் வைத்தது போல நேராக ஒரு கோடு இழுத்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. "ஜாய்யே" என்றார், போங்கள் என்று. நான் திரும்பும்போது மேடம் எழுந்து எனக்கு முன்னால் வெளியே போனார். வராந்தாவில் நின்றிருந்த பன்னிரண்டைக் கூப்பிட்டு, "ஃபைல் எடுத்துட்டு வாங்க" என்றார்.

நான் கீழே இறங்கிவிட்டேன். மழை வலுத்திருந்ததால் வாசலைத் தாண்ட முடியவில்லை. கிழிந்த இடத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் கழித்து அவள் வந்தாள். என்ன நடந்தது என்று அவளிடம் உள்ளே சொல்லியிருப்பார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கோபமா, வேறென்னவா, என்னால் படிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்று குடையை விரித்தாள்.

"ஒங்க ஐயாவுக்கு என்ன வயசு?"

"அறுபத்தஞ்சு."

"எங்க ஐயா இருந்தா அவருக்கும் அவ்வளவுதான் இருக்கும்" என்றாள். "அவர நல்லாப் பாத்துக்கங்க. இனிமே எங்கயும் போயி அப்புடிச் சொல்லாதீங்க."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் போனை ஆன் செய்ததும் அப்பாவிடமிருந்து மூன்று மிஸ்டு கால். கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார், கையிலேயே வைத்திருந்திருப்பார்.

"என்னம்மா, நல்லாச் சொன்னியா?"

அழுகைதான் வந்தது. வேலை கிடைக்காததற்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "அட, போகுது விடு. இவுங்க இல்லன்னா இன்னொருத்தவுங்க. மாப்ள இன்னக்கி ரெண்டு இட்லி கூடத் தின்னாரு தெரியுமா?" என்று என்னென்னவோ சொல்லிச் சமாதானப்படுத்தினார். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க அழுகை கூடியது. ஏன் அழுதேன் என்று இன்று வரை அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

தங்கை வீட்டுக்காரருக்குச் சரியான கோபம். "கைக்கு வந்தத யாராச்சும் தட்டி விடுவாங்களா மதினி?" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கை ஒன்றும் கேட்காமல் சுடிதாரைத் தைத்து வைத்தாள். நானும் ஒன்றும் பெரிதாகச் சாதித்துவிட்டதாக நினைக்கவில்லை. ஹட் பேக்குத் திரும்பிய கப்பலில், என் வீட்டுக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் வழி முழுக்க யோசித்தேன். நடந்ததை அவரிடம் மட்டும் முழுதாகச் சொன்னேன். அப்பா என்று சொன்னதையும் சொன்னேன். அவர் கையை ஊன்றி மெதுவாகத் திரும்பிப் படுத்தார். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு வேல கெடச்சிருந்தா சரி" என்றார்.

மூன்று மாதம் கழித்து, கராச்சர்மாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் எனக்குச் சமையல் உதவி வேலை கிடைத்தது. முதலாளியம்மா படிப்பைப் பற்றிக் கேட்டார். எட்டாவது என்றேன். காது வழக்கம் போலச் சூடானது. அவர், "சப்பாத்தி வட்டமா வருமா?" என்றார். சம்பளம் அந்தப் படகு கம்பெனி அளவுக்கு இல்லை. சிகிச்சை தாமதமானதில் என் வீட்டுக்காரருக்கு இடது காலில் கொஞ்சம் மரப்பு நின்றுவிட்டது. நடக்கிறார், மூட்டை தூக்க முடியாது. சீக்கிரம் ஆரம்பித்திருந்தால் அதுவும் இருந்திருக்காதோ என்று கேட்டால், இருந்திருக்காது என்றுதான் டாக்டர் சொல்வார். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

வேலைக்குச் சேர என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஃபீனிக்ஸ் பேயில் வந்து இறங்கிய அன்று, பக்கத்து வரிசையில் அந்தப் பன்னிரண்டாம் டோக்கன்காரியைப் பார்த்தேன். கம்பெனித் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் பட்டியலோடு, "லைன் மே, லைன் மே!" என்று டூரிஸ்ட்டுகளை வரிசைக்கு விரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கிழவரின் பெட்டியை வாங்கி டேக் கட்டினாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. போய்ப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்துவிட்டேன்.

இன்றைக்கும் எனக்குப் பயம் போகவில்லை, அடுப்பை இன்னும் திரும்பிப் போய்த்தான் பார்க்கிறேன். ஆனால் யாராவது படிப்பைக் கேட்டால் அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் எட்டாவது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த உண்மையால் கதவுக்கு வெளியே நிற்கப்போவது நான் ஒருத்திதான்.